எரிபொருள் நிலைய மண் மாதிரியெடுப்பும் தரக் கட்டுப்பாடும்

எரிபொருள் நிலைய மண் மாதிரியெடுப்பு என்பது, பெட்ரோல், டீசல் முதலிய எரிபொருட்களைச் சேமித்து விற்கும் நிலையம் ஒன்றின் நிலத்தில் கசிவு ஏற்பட்டுள்ளதா, ஏற்பட்டிருப்பின் அது எவ்வளவு ஆழத்துக்கும் எவ்வளவு தொலைவுக்கும் பரவியுள்ளது என்பதை அறியும் பொருட்டு மண்ணை முறைப்படி எடுத்துச் சோதனைக்கு அனுப்பும் பணி ஆகும். அவ்வாறு எடுக்கப்பட்ட மண்ணிலிருந்து கிடைக்கும் எண்களை நம்பலாமா என்பதை உறுதிப்படுத்தும் நடைமுறைகளின் தொகுப்பு தரக் கட்டுப்பாடு எனப்படுகின்றது.

இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க இயலாது. எரிபொருளில் உள்ள தீங்கான வேதிப்பொருட்கள் பல விரைவில் ஆவியாகக் கூடியவை. தவறான முறையில் எடுக்கப்பட்ட மண், ஆய்வுக்கூடத்தை அடையும் முன்னரே அவற்றை இழந்துவிடக் கூடும். அப்போது மாசடைந்த நிலம் "தூய்மையானது" எனச் சான்று பெறும். அந்நிலத்துக்கு அருகில் கிணற்று நீரைக் குடிப்போரே இப்பிழையின் விளைவை அனுபவிப்பர்.

பின்னணி

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகின் பல நாடுகளில் எரிபொருள் நிலையங்களின் தொட்டிகள் வெற்று எஃகினால் செய்யப்பட்டு மண்ணில் புதைக்கப்பட்டன. தீ விபத்தைத் தவிர்ப்பதே தொட்டியைப் புதைப்பதன் முதன்மை நோக்கம். ஆனால் ஈர மண்ணில் எஃகு அரிமானம் அடையும். தொட்டியின் அடியில் ஊசித்துளை அளவு ஓட்டை விழுந்தாலும் அது வெளியில் தெரியாது. பல இடங்களில் அண்டை வீட்டார் தமது கிணற்று நீரில் பெட்ரோல் நெடி வீசுவதை உணர்ந்த பின்னரே கசிவு தெரிய வந்தது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1984 ஆம் ஆண்டில் திண்மக் கழிவுச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், நிலத்தடித் தொட்டிகளைக் கூட்டரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. சுற்றுச்சூழல் காப்பு முகமை 1988 இல் விரிவான விதிகளை வெளியிட்டது. பழைய தொட்டிகளை அரிமானத் தடுப்பு முதலியவற்றுடன் மேம்படுத்த, அல்லது அகற்ற, 1998 டிசம்பர் 22 வரை காலக்கெடு வழங்கப்பட்டது. தொட்டியை நிலையாக மூடும்போது, கசிவு இருக்க மிகவும் வாய்ப்புள்ள இடத்தில் அளவீடு செய்தாக வேண்டும் என்பதும் இவ்விதிகளில் ஒன்று. இத்திட்டம் தொடங்கியதிலிருந்து அந்நாட்டில் மட்டும் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமான கசிவுகள் உறுதி செய்யப்பட்டுள்ளன. எரிபொருள் நிலைய மண் மாதிரியெடுப்பின் நடைமுறைகள் பலவும் இக்காலத்து அனுபவத்தில் உருவானவை. இக்கட்டுரை பெரும்பாலும் அந்நடைமுறைகளையே விளக்குகின்றது.

சான்டா மொனிக்கா

கலிபோர்னியாவின் சான்டா மொனிக்கா நகரம் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும். 1995-1996 காலப்பகுதியில் அந்நகரின் குடிநீர்க் கிணறுகளில் எம்டிபிஇ என்னும் வேதிப்பொருள் கண்டறியப்பட்டது. மெத்தில் டெர்சரி பியூட்டைல் ஈதர் என்பது இதன் முழுப் பெயர். எரிதலை மேம்படுத்துவதற்காகப் பெட்ரோலில் இது கலக்கப்பட்டது. நீரில் எளிதில் கரைவதாலும், மண் துகள்களில் ஒட்டாததாலும், எளிதில் சிதைவடையாததாலும் இது பெட்ரோலின் ஏனைய கூறுகளை விட வேகமாக நிலத்தடி நீருடன் நகரும். கிணறுகள் மூடப்பட்டமையால் நகரம் தன் நீர் வழங்கலில் ஏறத்தாழப் பாதியை இழந்து, வெளியிலிருந்து நீரை விலைக்கு வாங்க நேரிட்டது. நிலத்தடித் தொட்டிகளிலிருந்தும் குழாய்களிலிருந்தும் ஏற்பட்ட கசிவுகளே காரணமாகக் கொள்ளப்பட்டன. கலிபோர்னியாவில் 2003 ஆம் ஆண்டின் இறுதியுடன் எம்டிபிஇ பயன்பாடு முடிவுக்கு வந்தது.

எவற்றைத் தேட வேண்டும்

பெட்ரோல் என்பது ஒரு தனிப் பொருளன்று. பெரும்பாலும் 4 முதல் 12 கரிம அணுக்கள் கொண்ட நூற்றுக்கணக்கான ஐதரோகார்பன்களின் கலவை அது. டீசல் இதைவிடக் கனமான மூலக்கூறுகளைக் கொண்டது. ஆகவே எந்த எரிபொருள் அந்நிலையத்தில் சேமிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே சோதனைப் பட்டியல் அமையும். பொதுவாகத் தேடப்படுபவை பின்வருமாறு:

- பிடெக்ஸ் தொகுதி: பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன்கள் ஆகியவற்றின் கூட்டுப் பெயர். இவற்றின் கொதிநிலைகள் முறையே சுமார் 80, 111, 136, 138-144 °செ. ஆகும். இவற்றுள் பென்சீன் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என உறுதி செய்யப்பட்ட பொருள்.
- மொத்தப் பெட்ரோலிய ஐதரோகார்பன்கள்: பெட்ரோல் வீச்சு, டீசல் வீச்சு எனப் பிரித்து அளக்கப்படுபவை.
- எம்டிபிஇ போன்ற ஆக்சிசன் ஏற்றிய கூட்டுப்பொருட்கள்.
- நாப்தலீன் முதலிய பல்வளைய நறுமண ஐதரோகார்பன்கள்: முக்கியமாக டீசல், கழிவு எண்ணெய் உள்ள இடங்களில்.
- ஈயம்: பழைய நிலையங்களில். 1920 கள் முதல் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலக்கப்பட்டது. இந்தியாவில் 2000 ஆம் ஆண்டில் ஈயமற்ற பெட்ரோலுக்கு முழுமையாக மாறினர். உலகின் கடைசி நாடாக அல்சீரியா 2021 இல் சாலை வாகனங்களுக்கான ஈயப் பெட்ரோல் விற்பனையை நிறுத்தியது. ஆவியாகும் பொருட்கள் மறைந்த பின்னரும் ஈயம் மண்ணில் நிலைத்திருக்கும்.

சிறிய கசிவு ஏன் பெரிய சிக்கலாகின்றது என்பதை ஓர் எளிய கணக்கினால் அறியலாம். கன அளவில் 1% பென்சீன் கொண்ட ஒரு லிட்டர் பெட்ரோலில் 10 மில்லிலிட்டர், அதாவது சுமார் 8.8 கிராம் பென்சீன் உள்ளது. குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார அமைப்பு வகுத்துள்ள வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். இந்த 8.8 கிராமும் நீரில் கரைந்தால், 8,80,000 லிட்டர் நீரை அந்த அளவுக்குக் கொண்டுவரப் போதுமானது. அமெரிக்காவின் சட்ட வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். அதன்படி இக்கணக்கு இரட்டிப்பாகும். நடைமுறையில் பென்சீனின் ஒரு பகுதி ஆவியாகும். ஒரு பகுதியை மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் சிதைக்கும். எனினும் எவ்வளவு நுண்ணிய அளவுகளை அளக்க வேண்டியுள்ளது என்பதை இக்கணக்கு காட்டுகின்றது.

மண்ணில் எரிபொருளின் நகர்வு

எங்கே தோண்டுவது என்பதை முடிவு செய்ய, எரிபொருள் எவ்வாறு நகரும் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். கசிந்த பெட்ரோல் முதலில் புவியீர்ப்பினால் கீழ்நோக்கிச் செல்கின்றது. வழியில் ஒரு பகுதி மண்துகள்களுக்கிடையே தங்கிவிடும். ஒரு பகுதி ஆவியாகி மண்ணின் இடைவெளிகளை நிரப்பும். மணற்பாங்கான மண்ணில் நகர்வு எளிது. களிமண் அடுக்கு குறுக்கிட்டால் அதன் மேற்பரப்பில் பக்கவாட்டாகப் பரவும்.

பெட்ரோல் நீரைவிட அடர்த்தி குறைந்தது. எனவே நிலத்தடி நீர்மட்டத்தை அடைந்ததும் அதற்குச் சற்று மேலே, நுண்புழை விளைவினால் நீர் ஏறி நிற்கும் மண்டலத்தில், தேங்கிப் பரவும். மழைக்காலத்தில் நீர்மட்டம் உயர்ந்து கோடையில் தாழும்போது, எரிபொருளும் மேலும் கீழும் பூசப்பட்டது போன்ற ஒரு பட்டையாக மண்ணில் படிகின்றது. மாசு மிகுந்த மண் தரைக்கு அருகில் அல்லாமல் பல மீட்டர் ஆழத்தில் இருப்பது இதனாலேயே. மேல் மண்ணை மட்டும் சோதித்துவிட்டு நிலம் தூயது என முடிவு செய்வது தவறாகும்.

தொட்டியைச் சுற்றி நிரப்பப்படும் பின்நிரப்பு மணலும், குழாய்கள் செல்லும் அகழிகளும் எரிபொருளுக்கு எளிய வழியாக அமைவதுண்டு. கசிந்த இடத்தில் இல்லாமல், அகழி முடியும் இடத்தில் மாசு காணப்படலாம்.

மாதிரியெடுப்புத் திட்டம்

களத்துக்குச் செல்லும் முன் எழுத்தில் ஒரு திட்டம் வகுக்கப்படுகின்றது. எந்தக் கேள்விக்கு விடை தேவை, அவ்விடையில் எவ்வளவு பிழையை ஏற்கலாம், வரம்பு மீறினால் என்ன செய்யப்படும் என்பன முதலில் முடிவு செய்யப்பட வேண்டும். முடிவு கிடைத்த பின் அளவுகோலை மாற்றுவதை இது தடுக்கின்றது.

மாதிரி இடங்களைத் தேர்வு செய்ய இரண்டு அணுகுமுறைகள் உள்ளன. முதலாவது அறிவுசார் தேர்வு. நிலையத்தின் அமைப்பை அறிந்து, கசிவு இருக்க வாய்ப்புள்ள இடங்களை நேரடியாகக் குறிவைப்பது இது. இரண்டாவது நிகழ்தகவுத் தேர்வு. நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்து, கட்டம் கட்டமாகவோ குருட்டுவாக்காகவோ எடுப்பது இது. எரிபொருள் நிலையங்களில் கசிவின் மூலங்கள் பெரும்பாலும் தெரிந்தவையாதலால் முதலாவதே மிகுதியும் பயன்படுகின்றது. ஆனால் இவ்வாறு எடுக்கப்பட்ட மாதிரிகளின் சராசரியை முழு நிலத்தின் சராசரியாகக் கொள்ளக் கூடாது.

வழக்கமாக மாதிரி எடுக்கப்படும் இடங்கள்:

- தொட்டியின் இரு முனைகளின் அடியில், பின்நிரப்பு மணலுக்குக் கீழே உள்ள இயற்கை மண்.
- டேங்கர் லாரியிலிருந்து எரிபொருள் ஊற்றும் நிரப்பு குழாயின் அடி. நிரம்பி வழிவதும் சிந்துவதும் இங்கே மிகுதி.
- எரிபொருள் வழங்கும் பம்பு ஒவ்வொன்றின் அடி.
- குழாய்ப் பாதை, சிறப்பாக இணைப்புகளும் வளைவுகளும். கலிபோர்னியா போன்ற இடங்களில் 20 அடிக்கு ஒரு மாதிரி என்பது வழக்கு.
- கழிவு எண்ணெய்த் தொட்டி, வாகனம் கழுவும் இடம், பழைய தொட்டி இருந்த இடம்.
- தோண்டிக் குவித்த மண்.
- மாசு படாத பின்புல இடம். இயற்கையாகவே மண்ணில் உள்ள ஈயம் போன்றவற்றின் அளவை ஒப்பிட இது உதவும்.

தொட்டி அகற்றாமல், இயங்கும் நிலையத்தில் ஆய்வு செய்யும்போது துளையிட்டே மண் எடுக்கப்படுகின்றது. நிலத்தில் மின்கம்பி, எரிபொருள் குழாய், நீர்க்குழாய் ஆகியவை இருப்பதனால் முதல் 1.5 மீட்டர் அளவு கையால் தோண்டிப் பார்த்த பின்னரே பொறி இறக்கப்படுவது வழக்கம்.

கருவிகள்

ஆழம் குறைந்த இடங்களில் கையால் சுழற்றும் சுருள் துளைக்கருவி போதும். ஆழமான இடங்களுக்கு இரண்டு பொறிகள் பரவலாகப் பயன்படுகின்றன. ஒன்று, நடுவில் துளையுள்ள பெரிய சுருள் துளைக்கருவி. அதன் உள்ளே நெடுக்காக இரண்டாகப் பிளக்கும் எஃகுக் குழாய் இறக்கப்பட்டு மண் எடுக்கப்படும். மற்றொன்று நேரடி அழுத்தத் துளைப்பான். இது குழாயைச் சுழற்றாமல் அழுத்தியும் அடித்தும் மண்ணுக்குள் செலுத்துகின்றது. குழாயின் உள்ளே உள்ள ஒளிபுகும் நெகிழி உறையில் மண் உருளையாக வெளிவரும். உறையை நீளவாக்கில் வெட்டினால் அடுக்குகள், நிறமாற்றம், ஈரம் ஆகியவற்றை வரிசையாகக் காணலாம்.

களத்தில் ஆவியை விரைந்து அளக்க ஒளி அயனாக்க உணரி பயன்படுகின்றது. இதிலுள்ள விளக்கின் புற ஊதா ஒளி, ஆவி மூலக்கூறுகளை அயனாக்கி மின்னோட்டமாக மாற்றும். வழக்கமான விளக்கின் ஆற்றல் 10.6 எலக்ட்ரான்வோல்ட். பென்சீனின் அயனாக்க ஆற்றல் 9.24 எலக்ட்ரான்வோல்ட் ஆதலால் அது உணரப்படும். சிறிது மண்ணைப் பையில் இட்டு மூடி, சற்று நேரம் கழித்து மேல் இடைவெளியில் உள்ள காற்றை அளப்பர். இக்கருவி எந்தச் சேர்மம் எனப் பிரித்துக் கூறாது, ஈரப்பதத்தினாலும் பாதிக்கப்படும். ஆகவே எந்த ஆழத்து மண்ணை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது என்பதைத் தீர்மானிக்க மட்டுமே இது உதவும். ஆய்வுக்கூட அளவீட்டுக்கு இது மாற்றாகாது. உணரிக்காகப் பையில் இட்ட மண்ணையே பின்னர் ஆய்வுக்கூடக் குப்பியில் அடைப்பதும் தவறு. அது ஏற்கனவே ஆவியை இழந்த மண்.

ஆவியிழப்புச் சிக்கல்

நீண்ட காலமாக மண்ணைக் கரண்டியால் எடுத்துக் கண்ணாடிச் சாடியில் அடைத்து, மூடி, பனிக்கட்டியில் வைத்து அனுப்புவதே நடைமுறையாக இருந்தது. ஆய்வுக்கூடத்தில் சாடியைத் திறந்து, அதிலிருந்து சிறிதளவு எடுத்துச் சோதித்தனர். 1990 களில் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகள் இம்முறையின் குறையை வெளிப்படுத்தின. கிளறும்போதும், சாடியின் மேல் இடைவெளியிலும், மீண்டும் திறக்கும்போதும் ஆவியாகும் சேர்மங்களின் பெரும்பகுதி இழக்கப்படுவதும், பாக்டீரியாக்களினால் எஞ்சியவற்றில் ஒரு பகுதி சிதைவடைவதும் தெரிய வந்தன.

இதனைத் தொடர்ந்து 1997 இல் சுற்றுச்சூழல் காப்பு முகமை முறை 5035 என்பதைத் தன் சோதனை முறைத் தொகுப்பில் சேர்த்தது. அதன் சாரம் பின்வருமாறு:

1. மண் வெளிப்பட்ட உடனே, நுனி வெட்டப்பட்ட ஊசிக்குழல் போன்ற சிறு குழாயை மண்ணில் அழுத்தி ஏறத்தாழ 5 கிராம் மண் உருளையாக எடுக்கப்படும். மண் கிளறப்படுவதில்லை.
2. அது முன்னரே எடை பார்த்த 40 மில்லிலிட்டர் குப்பியில் தள்ளப்படும். மாசு மிகுந்த மண்ணுக்கு அக்குப்பியில் மெத்தனால் இருக்கும். மெத்தனால் சேர்மங்களைக் கரைத்துப் பிடித்து வைப்பதுடன் பாக்டீரியாக்களையும் கொல்லும். கிலோகிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் குறைவான அளவுகளுக்குச் சோடியம் பைசல்பேட்டுக் கரைசல், அல்லது நீரில் இட்டு உறைய வைத்தல் போன்ற வழிகள் உண்டு.
3. குப்பியின் வாயில் ஒட்டிய மண் துடைக்கப்பட்டு உடனே மூடப்படும். மண் ஒட்டியிருந்தால் மூடி சரியாகப் பொருந்தாது.
4. குப்பி பனிக்கட்டியில் சுமார் 4 °செ. வெப்பநிலையில் வைக்கப்பட்டு, பதப்படுத்தப்பட்ட மாதிரி 14 நாட்களுக்குள் சோதிக்கப்படும். பதப்பொருள் இன்றிக் காற்றுப்புகாக் குழாயிலேயே அனுப்பினால் 48 மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்தில் பதப்படுத்தவோ சோதிக்கவோ வேண்டும்.

இம்முறைக்கும் வரம்புகள் உள்ளன. சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண் சோடியம் பைசல்பேட்டுடன் வினைபுரிந்து நுரைத்துக் கரியமில வாயுவை வெளியிடும். அவ்வாயுவுடன் அளக்க வேண்டிய சேர்மங்களும் வெளியேறும். ஆகவே குப்பியில் இடும் முன் சிறிது மண்ணைத் தனியே சோதித்துப் பார்ப்பர். மெத்தனால் நஞ்சும் தீப்பற்றும் பொருளும் ஆகையால் கையாளுவதில் கவனம் தேவை.

பல இடங்களின் மண்ணைக் கலந்து ஒரே மாதிரியாக்கும் கலவை மாதிரி முறை, ஈயம் போன்ற ஆவியாகாத பொருட்களுக்கு ஏற்றது. ஆவியாகும் சேர்மங்களுக்கு அதைக் களத்தில் செய்யக் கூடாது.

எடுக்கும் மண் நிலத்தை எந்த அளவு பிரதிநிதிப்படுத்துகின்றது என்பது தனிக் கேள்வி. பிரெஞ்சு வேதியியலாளர் பியேர் ஜீ 1950 களில் தொடங்கி வளர்த்த மாதிரியெடுப்புக் கோட்பாடு, துகள்களின் அளவு, அவை பரவியுள்ள விதம், எடுக்கும் அளவு ஆகியவை எவ்வாறு பிழையை உண்டாக்குகின்றன என்பதை விளக்குகின்றது. 5 கிராம் மண் பல ஆயிரம் கிலோகிராம் மண்ணுக்காகப் பேச வேண்டியிருப்பதனால், ஆய்வுக்கூடப் பிழையைக் காட்டிலும் மாதிரியெடுப்புப் பிழையே பெரும்பாலும் மிகுதி.

களத் தரக் கட்டுப்பாட்டு மாதிரிகள்

நிலத்தின் மண்ணுடன் வேறு சில மாதிரிகளும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்படுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட ஐயத்துக்கு விடை தருவது.

பயண வெற்று மாதிரி: ஆய்வுக்கூடத்திலேயே தூய நீரோ மெத்தனாலோ நிரப்பி மூடப்பட்ட குப்பி. திறக்கப்படாமல் களத்துக்குச் சென்று ஏனைய மாதிரிகளுடன் திரும்பும். ஆவியாகும் சேர்மங்களுக்கான மாதிரி உள்ள ஒவ்வொரு பனிப்பெட்டிக்கும் ஒன்று என்பது வழக்கம். இதில் பென்சீன் காணப்பட்டால் அது மண்ணிலிருந்து வரவில்லை. வண்டியிலிருந்தோ, பெட்டியிலிருந்தோ, பக்கத்துக் குப்பியிலிருந்தோ வந்தது என அறியலாம்.

கள வெற்று மாதிரி: களத்தில் திறந்து, அங்குள்ள காற்றுப் படும்படி நிரப்பப்படும் தூய நீர். இயங்கும் எரிபொருள் நிலையத்தில் காற்றிலேயே பெட்ரோல் ஆவி உள்ளதால் இது முக்கியமானது.

கருவி அலசல் வெற்று மாதிரி: கழுவித் தூய்மையாக்கிய கருவியின் மீது தூய நீரை ஊற்றிச் சேகரிப்பது. முந்தைய துளையின் மாசு அடுத்த துளைக்குக் கடத்தப்பட்டதா என்பதை இது காட்டும்.

கள இரட்டை மாதிரி: ஒரே இடத்தில் அடுத்தடுத்து எடுக்கப்பட்டு, ஆய்வுக்கூடம் அறியாதபடி வேறு எண் இடப்பட்டு அனுப்பப்படும் மண். 10 அல்லது 20 மாதிரிகளுக்கு ஒன்று எடுக்கப்படுகின்றது.

இரட்டை மாதிரிகளின் ஒற்றுமை, சார்பு விழுக்காட்டு வேறுபாடு என்னும் அளவினால் கூறப்படுகின்றது. இரண்டு மதிப்புகளின் வேறுபாட்டை அவற்றின் சராசரியால் வகுத்து 100 ஆல் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு மாதிரியில் டொலுயீன் 42 மி.கி./கி.கி., அதன் இரட்டையில் 58 மி.கி./கி.கி. எனக் கொள்வோம். வேறுபாடு 16, சராசரி 50. ஆகவே மதிப்பு 32%. மண் சீரற்றது என்பதனால் நீருக்கு விதிப்பதை விடத் தளர்வான எல்லையே மண்ணுக்கு விதிக்கப்படுகின்றது. எல்லையை மீறினால் அது பிழை என்று உடனே பொருள்படாது. அந்நிலத்தில் மாசு திட்டுத்திட்டாக உள்ளது என்பதையும் அது குறிக்கலாம்.

இவற்றோடு சில எளிய பழக்கங்களும் தரக் கட்டுப்பாட்டைச் சேர்ந்தவையே. ஒவ்வொரு மாதிரிக்கும் புதிய கையுறை அணிதல், மாசு குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்துக்குச் செல்லுதல், களத்துக்குச் செல்லும் வழியில் வண்டிக்கு எரிபொருள் நிரப்பாதிருத்தல், டொலுயீன், சைலீன் கொண்ட மையெழுதுகோல்களைக் குப்பிகளுக்கு அருகில் பயன்படுத்தாதிருத்தல், துளையிடும் பொறியின் புகை வரும் திசையில் குப்பிகளைத் திறக்காதிருத்தல் ஆகியன அவற்றுட் சில.

ஆய்வுக்கூடத் தரக் கட்டுப்பாடு

ஆவியாகும் சேர்மங்கள் வழக்கமாக வளிம நிறப்பகுப்பி மூலம் பிரிக்கப்பட்டு, பொருண்மை நிறமாலைமானி மூலம் அடையாளம் காணப்படுகின்றன. மாதிரிகள் ஏறத்தாழ 20 கொண்ட தொகுதிகளாகச் சோதிக்கப்படும். ஒவ்வொரு தொகுதியுடனும் பின்வருவன சேர்க்கப்படும்.

- முறை வெற்று மாதிரி: ஆய்வுக்கூடத்தின் கரைப்பான்களோ கருவிகளோ மாசடைந்துள்ளனவா எனக் காட்டும்.
- கட்டுப்பாட்டு மாதிரி: தெரிந்த அளவு சேர்மம் இடப்பட்ட தூய பொருள். கருவியும் பணியாளரும் சரியாக இயங்குவதை இது காட்டும்.
- மாற்றுக் குறிப்பான்கள்: இயற்கையில் காணப்படாத, ஆனால் இலக்குச் சேர்மத்தைப் போலவே நடந்துகொள்ளும் பொருட்கள். டியூட்டிரியம் கொண்ட டொலுயீன் ஓர் எடுத்துக்காட்டு. இவை ஒவ்வொரு மாதிரியிலும் சேர்க்கப்படுகின்றன.
- சேர்த்து மீட்டல் சோதனை: அதே நிலத்தின் மண்ணில் தெரிந்த அளவு சேர்மத்தைச் சேர்த்து, எவ்வளவு மீட்கப்படுகின்றது எனப் பார்ப்பது.

கடைசியாகக் கூறியதன் கணக்கு எளியது. மண்ணில் முன்னரே 0.20 மி.கி./கி.கி. பென்சீன் உள்ளது. அதனுடன் 1.00 மி.கி./கி.கி. சேர்க்கப்பட்டது. அளவீட்டில் 1.08 மி.கி./கி.கி. கிடைத்தது. எனவே மீட்பு (1.08 − 0.20) ÷ 1.00 = 88%. மீட்பு மிகவும் குறைந்தால் அம்மண் சேர்மத்தை இறுகப் பற்றிக்கொள்கின்றது, அல்லது அளவீட்டுக்கு இடையூறு உள்ளது எனப் பொருள். அப்போது ஏனைய மாதிரிகளின் உண்மை மதிப்பும் அறிக்கையில் உள்ளதை விடக் கூடுதலாக இருக்கலாம். எனினும் இச்சோதனையில் சேர்மம் ஆய்வுக்கூடத்தில்தான் சேர்க்கப்படுகின்றது. களத்தில் ஏற்பட்ட ஆவியிழப்பை இது காட்டாது. ஆய்வுக்கூடத்தின் எல்லாச் சோதனைகளும் சரியாக அமைந்தும் அறிக்கை பொய்யாக இருக்க முடியும் என்பதை இதிலிருந்து அறியலாம்.

முடிவுகள் உலர் எடையில் கூறப்படுகின்றன. ஈர மண்ணில் 4.25 மி.கி./கி.கி. எனக் கிடைத்து, ஈரப்பதம் 15% எனில், உலர் எடையில் அது 4.25 ÷ 0.85 = 5.0 மி.கி./கி.கி. ஆகும். ஈரப்பதத்தை அளக்கப் பதப்பொருள் இடாத மண் தனிக் குப்பியில் அனுப்பப்பட வேண்டும்.

"கண்டறியப்படவில்லை" என்பதன் பொருள்

ஆய்வறிக்கைகளில் மிகுதியும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் சொல் இது. சுழியம் என்பது இதன் பொருளன்று. குறிப்பிட்ட எல்லைக்கு மேல் காணப்படவில்லை என்பதே பொருள். அமெரிக்க நடைமுறையில் முறைக் கண்டறி எல்லையைக் கணக்கிட, மிகக் குறைந்த அளவு சேர்மம் கொண்ட மாதிரி குறைந்தது 7 முறை அளக்கப்படும். 7 அளவீடுகளாயின் அவற்றின் திட்ட விலக்கம் 3.143 ஆல் பெருக்கப்படும். அறிக்கை எல்லை இதைவிடச் சற்று உயர்வாக வைக்கப்படும்.

மாசு மிகுந்த மாதிரியைக் கருவி தாங்காது என்பதால் ஆய்வுக்கூடம் அதை நீர்த்துச் சோதிக்கும். நீர்த்தால் அறிக்கை எல்லையும் அதே மடங்கு உயரும். பென்சீன் மண்ணிலிருந்து நிலத்தடி நீருக்குச் செல்வதைக் கருதிச் சுற்றுச்சூழல் காப்பு முகமை 1996 இல் வெளியிட்ட வழிகாட்டி, நீர்த்தல் காரணி 20 எனக் கொண்டு 0.03 மி.கி./கி.கி. என்ற வடிகட்டு அளவைத் தந்தது. ஓர் ஆய்வுக்கூடத்தின் வழக்கமான அறிக்கை எல்லை 0.005 எனவும், மாதிரி 50 மடங்கு நீர்க்கப்பட்டது எனவும் கொள்வோம். புதிய எல்லை 0.25 ஆகிவிடும். அம்மாதிரியில் "பென்சீன் கண்டறியப்படவில்லை" என்று வந்தாலும், அது வடிகட்டு அளவை விட எட்டு மடங்குக்கு மேல் பென்சீனைக் கொண்டிருக்கக் கூடும். ஆகவே எண்ணைப் படிக்கும் முன் எல்லையைப் படிக்க வேண்டும்.

பதிவுகள்

ஒவ்வொரு குப்பியும் யாரால், எங்கே, எந்த ஆழத்தில், எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது, பின்னர் யார் யாரிடம் கைமாறியது என்பன பொறுப்புக் கைமாற்றுப் பதிவில் கையொப்பத்துடன் குறிக்கப்படும். பனிப்பெட்டி ஆய்வுக்கூடத்தை அடைந்தபோது இருந்த வெப்பநிலையும் அதில் எழுதப்படும். வழக்கு நீதிமன்றம் சென்றால் முதலில் கேட்கப்படுவது இத்தாளே. களக்குறிப்பேட்டில் மண்ணின் நிறம், நெடி, அடுக்குகள், உணரியின் அளவு, வானிலை, திட்டத்திலிருந்து விலகிய இடங்கள் ஆகியவை எழுதப்படும். விலகியது குற்றமன்று, விலகியதை எழுதாமல் விடுவதே குற்றம்.

இறுதியாக, ஆய்வுக்கூடத்தைச் சாராத ஒருவர் எல்லாத் தரவுகளையும் சரிபார்ப்பார். குறைபாடுள்ள எண்கள் "மதிப்பீடு" எனவோ "ஏற்கப்படவில்லை" எனவோ குறியிடப்படும். துல்லியம், சரிநுட்பம், பிரதிநிதித்துவம், ஒப்பிடத்தக்க தன்மை, முழுமை ஆகிய ஐந்தும் தரவின் தரத்தை அளக்கும் பண்புகளாகக் கொள்ளப்படுகின்றன.

பாதுகாப்பு

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. எனவே அது குழியின் அடியில் தேங்கும். காற்றில் கன அளவில் சுமார் 1.4% இருந்தாலே தீப்பற்றும். தொட்டியை அகற்றும் முன் உலர் பனிக்கட்டி போன்றவற்றால் அதிலுள்ள ஆவி வெளியேற்றப்படும். பாதுகாப்பற்ற ஆழமான குழியில் பணியாளர் இறங்கக் கூடாது. அகழ்பொறியின் வாளியில் மண்ணை மேலே கொணர்ந்து, வாளியின் நடுவில் மேல்மண்ணை நீக்கிவிட்டு மாதிரி எடுப்பதே முறை.

இந்தியாவிலும் இலங்கையிலும்

இந்தியாவில் எரிபொருள் சேமிப்பு, 2002 ஆம் ஆண்டின் பெட்ரோலிய விதிகளின் கீழ் உரிமம் பெற்று நடைபெறுகின்றது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 இல் புதிய எரிபொருள் நிலையங்களுக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பள்ளிகள், 10 படுக்கைகளுக்குக் குறையாத மருத்துவமனைகள், குடியிருப்புப் பகுதிகள் ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் சுற்றளவுக்குள் புதிய நிலையம் அமையக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று.

எரிபொருள் நிலையம் அல்லாத இடங்களிலும் இதே வகைச் சிக்கல் தமிழர் வாழும் பகுதிகளில் நேர்ந்துள்ளது. சென்னை தண்டையார்ப்பேட்டையில் 2013 இல் நிலத்தடிக் குழாய்க் கசிவினால் குடியிருப்புக் கிணறுகளில் எரிபொருள் கலந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் சுன்னாகத்தில் அனல் மின்நிலையம் ஒன்றின் சுற்றுப்புறக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2010 களில் பெரும் பிரச்சினையாகி, 2019 இல் இலங்கை உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்க ஆணையிட்டது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின் மீது அமைந்தது. மேற்பரப்பு ஆறுகள் அங்கு பெரிதும் இல்லாமையால் மக்கள் கிணற்று நீரையே நம்பியுள்ளனர். பாறையின் பிளவுகள் வழியே மாசு விரைந்து பரவக்கூடும் என்பதால் இத்தகைய நிலங்களில் மாதிரி இடங்களைத் தேர்வு செய்வது மணல் நிலத்தை விடக் கடினம்.

இவற்றையும் பார்க்க

- நிலத்தடி நீர்
- மண் மாசடைதல்
- பென்சீன்
- வளிம நிறப்பகுப்பியல்
- தர உறுதிப்பாடு